ஆய்வக எக்ஸ்ரே மெஷினின் டோஸை எதைக் கொண்டு அளப்பது?

நெல் விதையில் சடுதிமாற்றம் தூண்டப் பார்க்கும் வேளாண் மாணவர், பெட்ரி டிஷ்ஷில் செல் வளர்க்கும் உயிர்த்தொழில்நுட்ப ஆசிரியர், எலியில் வேலை செய்யும் மருந்தியல் ஆய்வாளர் என்று நெல்லைச் சீமையில் எக்ஸ்ரேயை ஆய்வுக்குப் பயன்படுத்தும் யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. டோஸை, அதாவது மாதிரி உறிஞ்சும் கதிரின் அளவை, அளக்க எதை வாங்குவது? அயன் சேம்பரா, ஃபிலிமா, டிஎல்டியா? வாங்கத்தான் வேண்டுமா, மெஷினே ஒரு எண்ணைக் காட்டுகிறதே, அது போதாதா? கையில் இருக்கும் பணம் குறைவு, பிசான சாகுபடிக்கு விதை விட வேண்டிய நாள் நெருங்குகிறது, வழிகாட்டிக்கோ இந்தத் துறை புதிது. குழப்பம் வருவது இயல்புதான்.

கோபால்ட்-60 வைத்த காமா சேம்பர் காலத்தில் இந்தக் கேள்வி இவ்வளவு உறுத்தவில்லை. கோபால்ட்டின் காமா கதிருக்குச் சராசரி ஆற்றல் 1.25 எம்இவி, அரை ஆயுள் 5.27 ஆண்டு. ஒருமுறை சரியாக அளந்துவிட்டால் அப்புறம் தேதியை வைத்தே டோஸ் வீதத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் 2010-ல் டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய காமா கருவி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்த கோபால்ட்டால் பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் உயிரிழந்தார். கதிரியக்க மூலத்தைக் கடைசி நாள் வரை கட்டிக்காப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. சுவிட்சை அணைத்தால் கதிரே இல்லை என்பதால் ஆய்வகங்கள் எக்ஸ்ரே பக்கம் சாய்வது நியாயமானது.

அளவு என்று வரும்போது எக்ஸ்ரே அவ்வளவு எளிதாக வசப்படாது. 160 கிலோவோல்ட்டில் ஓடும் குழாயிலிருந்து வரும் கதிர் ஒரே ஆற்றல் உள்ளதல்ல. 160 கேஇவிக்குக் கீழே எல்லா ஆற்றலும் கலந்து வரும். ஃபில்டராக 2 மி.மீ. அலுமினியம் வைத்தால் ஒரு கலவை, 0.3 மி.மீ. தாமிரம் வைத்தால் வேறொரு கலவை. இந்த ஆற்றல்களில் ஒளிமின் விளைவுக்கு (அணு கதிரை முழுதாக விழுங்கி எலக்ட்ரானை வெளித்தள்ளுவது) கணிசமான பங்கு இருப்பதால், பொருளின் அணு எண் சற்று மாறினாலும் அது உறிஞ்சும் அளவு பெரிதாக மாறிவிடும். அளக்கும் கருவிக்கும் இது பொருந்தும். எனவே "நல்ல கருவி எது" என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்தக் கற்றைக்கு, எந்த மாதிரிக்கு, எத்தனை கிரேக்கு (கிரே என்பது டோஸின் அலகு) என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் முதலில் பார்ப்பது, அந்தக் கருவியின் அளவு ஒரு தேசியத் தரத்தோடு சங்கிலியாக இணைந்திருக்கிறதா என்பது. நம் நாட்டில் அந்தச் சங்கிலியின் மேல்முனை மும்பையில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையம். அங்கிருந்தோ, அதோடு இணைந்த ஆய்வகத்திலிருந்தோ அளவுத்தரச் சான்று பெற்ற ஒரு கருவியில் உங்கள் எண் போய் முடியாவிட்டால், 5 கிரே என்று நீங்கள் எழுதுவதை இன்னொரு ஊரில் யாரும் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

இரண்டாவது, அந்தச் சான்று உங்கள் எக்ஸ்ரே ஆற்றலுக்குத் தரப்பட்டதா என்பது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது இடம். டோஸ் தேவைப்படுவது மாதிரி இருக்கும் புள்ளியில். மெஷினின் நடுவில் காற்றில் அளந்த எண், ஓரத்து டிஷ்ஷின் அடியில் ஒட்டியிருக்கும் செல்லுக்குப் பொருந்தாது. ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். குழாயின் குவியப் புள்ளியிலிருந்து (கதிர் புறப்படும் இடம்) 30 செ.மீ. தூரத்தில் தட்டு இருக்கிறது. அதில் விதையை 2 செ.மீ. உயரத்துக்குக் குவித்திருக்கிறீர்கள். மேல் விதைக்குத் தூரம் 28 செ.மீ., அடி விதைக்கு 30 செ.மீ. தூரத்தின் வர்க்கக் கணக்குப்படி மட்டுமே மேல் விதை ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதலாக வாங்கும். மேல் விதைகள் கதிரைத் தடுப்பதால் அடிக்கு வருவது இன்னும் குறையும். இரண்டு விதைக்கும் ஒரே டோஸ் என்று ஆய்வேட்டில் எழுதுவது சரியாகாது.

அப்புறம் டோஸ் வரம்பு. செல்லுக்கு 2 கிரே, எலிக்கு ஒற்றை இலக்கத்தில் சில கிரே, நெல் விதைக்கு நூற்றுக்கணக்கான கிரே. இந்த மூன்றையும் ஒரே கருவியால் நேரடியாக அளப்பது கஷ்டம். செலவு, கற்றுக்கொள்ள ஆகும் காலம், ஒவ்வொரு முறையும் ஆகும் சில்லறைச் செலவு, நம் ஊர் வெயிலும் ஈரமும் என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று கேட்பீர்கள். ஐந்து விழுக்காட்டுக்குள் என்பது உயிரியல் ஆய்வுக்கு நியாயமான இலக்கு. எலிக்கு முழு உடலிலும் ஒரே தடவையில் கொடுத்தால், இனத்தைப் பொறுத்து 7 முதல் 9 கிரேக்குள் பாதி எலிகள் முப்பது நாளில் இறந்துவிடும். அந்த இடத்தில் டோஸுக்கும் சாவுக்கும் உள்ள வளைவு செங்குத்தாக ஏறும். பத்து விழுக்காடு தவறினால் பெரும்பாலான எலிகள் பிழைப்பதற்கும் பெரும்பாலானவை சாவதற்கும் இடையிலான வித்தியாசமாக அது போய்விடும். வீணாகும் ஒவ்வொரு எலியும் ஓர் உயிர் என்பதால் இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

## மெஷின் காட்டும் எண்

செலவே இல்லாத வழி. திரையில் டோஸ் வீதம் வருகிறது, அல்லது நிறுவியவர் கொடுத்த தாளில் "இந்தத் தட்டில், இந்த மில்லி ஆம்பியரில், நிமிடத்துக்கு இத்தனை கிரே" என்று இருக்கிறது. சில மெஷின்களில் உள்ளேயே ஓர் அயன் சேம்பர் பொருத்தியிருப்பார்கள்.

இந்த எண் நிறுவிய நாளின் நிலையைச் சொல்கிறது. குழாய்க்கு வயதாக ஆக வெளிவரும் கதிர் குறையும். ஃபில்டரை மாற்றிவிட்டுப் பழைய அட்டவணையையே பார்க்கும் பழக்கம் எல்லா ஆய்வகத்திலும் உண்டு. உள்சேம்பர் இருந்தாலும் அது இருக்கும் இடம் வேறு, உங்கள் டிஷ் இருக்கும் இடம் வேறு. குழாய் முழு வோல்ட்டேஜுக்கு ஏறுவதற்கு ஆகும் சில விநாடிகள் ஒரு நிமிடக் கதிர்வீச்சில் கணிசமான பங்கு. பத்து நிமிடத்தில் அது பொருட்டல்ல. இதைக் கண்டுபிடிக்க ஒரு, இரண்டு, நான்கு நிமிடங்களுக்குத் தனித்தனியே அளந்து, கோடு பூஜ்யத்தில் போய் முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

தினமும் ஓட்டுமுன் மெஷின் நேற்றுப்போல் இருக்கிறதா என்று பார்க்க இந்த எண் உதவும். டோஸ் என்று எழுத உதவாது.

## அயன் சேம்பர்

பணமும் பொறுமையும் இருந்தால் நான் முதலில் கை காட்டுவது இதைத்தான். மற்ற எல்லாக் கருவிகளையும் கடைசியில் இதோடுதான் ஒப்பிட வேண்டியிருக்கிறது.

ஃபார்மர் வகை சேம்பர் என்பது விரல் நுனி அளவில் 0.6 கன செ.மீ. காற்றை அடைத்து வைத்த சின்னக் குழி. கதிர் பட்டால் காற்றில் அயனிகள் உண்டாகும். அந்த மின்னூட்டத்தை எலக்ட்ரோமீட்டர் எண்ணும். உலர்ந்த காற்றில் ஒரு கூலும் அயனி உண்டாக 33.97 ஜூல் வேண்டும் என்பது நன்கு அறியப்பட்ட மாறிலி. அடிப்படை இவ்வளவு தெளிவாக இருப்பதுதான் இதன் பலம். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2001-ல் வெளியிட்ட டிஜி-61 நெறிமுறை 40 முதல் 300 கிலோவோல்ட் வரையிலான கற்றைகளுக்குப் படிப்படியாக வழி சொல்கிறது. பன்னாட்டு அணுசக்தி முகமையின் டிஆர்எஸ்-398-லும் இந்த ஆற்றல்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

இதன் மறைவான செலவுகளைப் பார்ப்போம்.

சேம்பரும் எலக்ட்ரோமீட்டரும் சேர்ந்து லட்சங்களில் போகும். அதோடு முடியாது. குறித்த காலத்துக்கு ஒருமுறை அளவுத்தரத்துக்கு அனுப்ப வேண்டும். போய் வரும் வாரங்களில் உங்களிடம் கருவி இருக்காது. கேபிள் மடங்காமல், சேம்பரின் மெல்லிய சுவர் அடிபடாமல் பேக் செய்து அனுப்புவதும் ஒரு வேலை.

அடுத்தது, நான் மேலே சொன்ன ஆற்றல் விஷயம். நம் பக்கத்தில் சேம்பர் இருக்கும் இடம் என்றால் பெரும்பாலும் புற்றுநோய்க்குக் கதிர்சிகிச்சை தரும் மருத்துவமனைதான். அங்கிருக்கும் மருத்துவ இயற்பியலாளரைக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சேம்பரைக் கொண்டுவரச் சொல்லி அளந்துகொள்ளலாம் என்ற யோசனை நல்லதுதான், நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் அந்த சேம்பரின் சான்றில் இருப்பது கோபால்ட்-60 கற்றைக்கான காரணி. உங்களுடையது 160 கிலோவோல்ட். அந்தக் காரணியை அப்படியே பெருக்கினால், சேம்பர் வகையைப் பொறுத்துப் பல விழுக்காடு தவறு நுழையலாம். எனவே அனுப்பும்போதே "எக்ஸ்ரே கற்றைக்கு, காற்றுக் கெர்மாவில் (கதிர் காற்றுக்குக் கைமாற்றும் ஆற்றலின் அளவு), எங்கள் அரைமதிப்புத் தடிமனை ஒட்டிய தரங்களுக்கு வேண்டும்" என்று கேட்டு வாங்க வேண்டும். அதற்கு உங்கள் கற்றையின் அரைமதிப்புத் தடிமன் தெரிந்திருக்க வேண்டும். அலுமினியம் அல்லது தாமிரத் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்து, கதிர் பாதியாகும் தடிமனைக் கண்டுபிடிக்கும் அரை நாள் வேலை அது. தகடு தூய உலோகமாக இருக்க வேண்டும். பாத்திரக் கடை அலுமினியத்தில் வேறு உலோகங்கள் கலந்திருக்கும், அது கணக்கைக் கெடுக்கும்.

மூன்றாவது நம் ஊர் வெயில். ஃபார்மர் சேம்பர் வெளிக்காற்றோடு திறந்தே இருக்கும். காற்று சூடானால் விரியும், குழிக்குள் இருக்கும் காற்றின் நிறை குறையும், படிப்பு (கருவி காட்டும் எண்) குறையும். சான்று 20 டிகிரிக்கும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்துக்கும் என்று வைத்துக்கொள்வோம். அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத அறை 34 டிகிரி, அழுத்தம் 1005. அப்போது 307.15-ஐ 293.15-ஆல் வகுத்தால் 1.048. 1013.25-ஐ 1005-ஆல் வகுத்தால் 1.008. இரண்டையும் பெருக்கினால் 1.056. திருத்தம் போடாமல் விட்டால் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் குறைத்துச் சொல்வீர்கள். நாம் வைத்த இலக்கு முழுவதையும் இந்த ஒரு தவறே தின்றுவிடும். ஏசி போட்டு 24 டிகிரியில் வைத்தாலும் திருத்தம் 1.02-க்கு மேல் வரும். வெப்பமானியை அறைச் சுவரில் மாட்டாமல், மெஷினின் பெட்டிக்குள் சேம்பருக்குப் பக்கத்தில் வையுங்கள். குழாய் ஓட ஓடப் பெட்டி சூடாகும்.

அழுத்தத்துக்கு மொபைலில் வானிலை பார்ப்பதும் வழக்கம். அதில் வருவது கடல் மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். பாளையங்கோட்டையில் அதனால் வரும் வித்தியாசம் அரை விழுக்காடுதான். அதே பழக்கத்தோடு மாஞ்சோலை போன்ற மலைக்குப் போனால் பத்து விழுக்காட்டுக்கு மேல் தவறும். சாதாரண பாரோமீட்டர் ஒன்று வாங்கி வைப்பதே நல்லது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னொரு தொல்லை. காற்றின் ஈரம் படிப்பை நேரடியாக மாற்றுவது மிகக் குறைவு. ஆனால் கேபிள் இணைப்பில் ஈரம் ஏறினால் மின்கசிவு வரும். கதிர் இல்லாதபோதும் எலக்ட்ரோமீட்டர் எண்ணிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். இணைப்புகளைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்தால் பெருமளவு சரியாகும்.

கடைசியாக அளவு. ஃபார்மர் சேம்பரின் குழி நீளம் சுமார் 24 மி.மீ. 96 குழித் தட்டின் ஒரு குழி 6 மி.மீ. சொச்சம். அந்த ஒற்றைக் குழியின் டோஸை இந்த சேம்பரால் சொல்ல முடியாது, சராசரியைத்தான் சொல்ல முடியும்.

## ரேடியோகுரோமிக் ஃபிலிம்

காஃப்குரோமிக் இபிடி3 போன்ற ஃபிலிம்களுக்கு டெவலப்பர் வேண்டாம், இருட்டறை வேண்டாம். கதிர் பட்டதும் தானே நீலமாகக் கறுக்கும். முழுத் தடிமன் கால் மில்லிமீட்டர் சொச்சம்தான் என்பதால் டிஷ்ஷுக்கு அடியிலோ, மெழுகில் செய்த எலி உருவின் நடுவிலோ செருகிவிடலாம். செல்லுக்கும் எலிக்கும் வேண்டிய டோஸ் வரம்பு இதற்குள் அடங்கும்.

ஃபிலிமின் உண்மையான மதிப்பு அது ஒரு புள்ளியைக் காட்டாமல் முழுப் படத்தையும் காட்டுவதில் இருக்கிறது. கதிர்ப் பெட்டியின் தட்டில் ஒரு முழு ஃபிலிமை விரித்து 2 கிரே கொடுத்து எடுத்துப் பாருங்கள். நடுவில் அடர் நீலம், ஓரத்துக்குப் போகப் போக வெளிறும். 30 செ.மீ. தூரத்தில், நடுவிலிருந்து 12.5 செ.மீ. தள்ளி வைத்த டிஷ்ஷுக்குத் தூரக் கணக்கிலேயே 15 விழுக்காடு குறைவு. அதிலும் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கூடுதலாக வெளிறியிருப்பதைக் காணலாம். எக்ஸ்ரே குழாயில் கதிர் பிறக்கும் உலோகமான ஆனோடின் பக்கம், கதிர் அந்த உலோகத்தையே கொஞ்சம் ஊடுருவி வர வேண்டியிருப்பதால் அப்படி. தட்டில் ஆறு டிஷ்களை வட்டமாக அடுக்கி "எல்லாவற்றுக்கும் 2 கிரே" என்று எழுதிக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்த நீலத் தாளைக் காட்டினாலே போதும், நீண்ட விளக்கம் தேவைப்படாது. தட்டைச் சுழற்றுவதா, டிஷ்களை நடுவில் நெருக்கி வைப்பதா, தூரத்தைக் கூட்டுவதா என்ற முடிவு அந்தப் படத்திலிருந்து தானாக வரும்.

ஆனால் ஃபிலிம் தன் காலில் நிற்காது. எத்தனை கறுப்புக்கு எத்தனை கிரே என்ற வளைவை, உங்கள் மெஷினிலேயே, அயன் சேம்பரால் அளந்த டோஸ்களைக் கொடுத்துத்தான் வரைய வேண்டும். குறைந்த கிலோவோல்ட்டில் அதன் உணர்திறன் சில விழுக்காடு மாறும் என்பதால் கோபால்ட் கற்றையில் வரைந்த வளைவைக் கடன் வாங்குவது நல்லதல்ல. ஒவ்வொரு பெட்டிக்கும் வளைவு புதிது.

ஸ்கேனரும் முக்கியம். நல்ல தட்டை ஸ்கேனர், சிவப்பு நிறத் தடம், எல்லாத் துண்டும் ஒரே திசையில், கண்ணாடியின் நடுவில். வெட்டும்போதே மூலையில் பேனாவால் குறி வைத்துவிடுங்கள். திசை மாறினால் எண் மாறும். கதிர் கொடுத்த பிறகும் நிறம் சில மணி நேரம் மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் கழித்து ஸ்கேன் செய்வது, எல்லாத் துண்டுக்கும் அதே இடைவெளி விடுவது வழக்கம். தண்ணீரில் மூழ்கினால் வெட்டிய விளிம்பு வழியாக நீர் ஏறும், அந்த ஓரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மே மாதத்தில் கூரியர் வண்டியில் ஃபிலிம் பெட்டி வருவது எனக்குக் கவலை தரும் விஷயம். 25 டிகிரிக்குக் கீழே இருட்டில் வைக்கச் சொல்லும் பொருள் அது. முடிந்தால் மார்கழி, தை மாதங்களில் ஆர்டர் போடுங்கள். வந்ததும் கதிர் படாத ஒரு துண்டை ஸ்கேன் செய்து பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

## டிஎல்டி

டிஎல்டி என்பது வாங்கிய கதிரை நினைவில் வைத்து, சூடாக்கும்போது ஒளியாக வெளிவிடும் சில்லு. லித்தியம் ஃப்ளோரைடு சில்லு 3 மி.மீ. சதுரம், ஒரு மி.மீ.க்கும் குறைவான தடிமன். எலி உருவின் வயிற்றிலும், நுரையீரல் இடத்திலும், தலையிலும் ஒரே நேரத்தில் வைக்க இதைவிடத் தோதானது இல்லை. கம்பி கிடையாது. திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

அதற்கு ரீடர் வேண்டும், நைட்ரஜன் வேண்டும், ஒவ்வொரு முறையும் 400 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டு, பிறகு 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துப் பழைய நினைவை அழிக்க வேண்டும். ஒவ்வொரு சில்லுக்கும் தனிக் காரணி. ஒரு கிரேக்கு மேல் நேர்கோட்டிலிருந்து மேல்நோக்கி வளையத் தொடங்கும். 30 கேஇவி அருகில் கோபால்ட்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் காட்டும். இவை எல்லாவற்றையும் திருத்த முடியும், ஆனால் அதற்கென்று ஒருவர் உட்கார வேண்டும். தபாலில் அனுப்பிப் படிக்கச் சொல்வதென்றால், கதிர் கொடுக்காத சில்லுகளையும் கூடவே அனுப்புங்கள். விமான நிலையத்தில் பார்சலுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள், அந்தச் சிறு டோஸைக் கழிக்க அவை உதவும்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் கதிர்ப் பணியாளர்கள் மார்பில் குத்தியிருக்கும் டிஎல்டி பேட்ஜில் இருப்பது கால்சியம் சல்பேட் வில்லைகள். அந்தப் பொருள் 30 கேஇவி அருகில் கோபால்ட்டைவிடப் பத்து மடங்கு வரை கூட்டிக் காட்டும். அதனால்தான் பேட்ஜில் மூன்று வில்லைகளை வெவ்வேறு ஃபில்டருக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். "இருக்கிற பேட்ஜை எலிக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன" என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டவே வேண்டாம். மாதிரியின் டோஸும் தவறும், உங்கள் பெயரில் வராத டோஸும் பதிவாகும்.

## ஃப்ரிக்கி கரைசல்

ஹியூகோ ஃப்ரிக்கி 1920-களில் கண்ட வழி. ஃபெரஸ் அயனி கதிர் பட்டு ஃபெரிக் ஆகும். அது 304 நேனோமீட்டரில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் பார்த்தால் டோஸ் தெரியும். ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட், கொஞ்சம் உப்பு, 0.4 மோலார் சல்பூரிக் அமிலம், மிகத் தூய நீர். வேதியியல் துறை இருக்கும் எந்தக் கல்லூரியிலும் இதில் பாதி அலமாரியிலேயே இருக்கும். லட்சங்கள் வேண்டாம்.

வரம்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செ.மீ. குவெட்டில் (கரைசலை ஊற்றிப் படிக்கும் சிறு கலம்), கோபால்ட் கதிருக்கு, உறிஞ்சலின் மாற்றத்தைச் சுமார் 280-ஆல் பெருக்கினால் கிரே கிடைக்கும். 100 கிரேக்கு மாற்றம் 0.36, அருமையாகப் படிக்கலாம். 5 கிரேக்கு 0.018. சாதாரண ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 0.001 ஆடினாலே அதில் ஐந்து விழுக்காடு போய்விடும். எனவே இது விதைக்காரர்களின் கருவி. அம்பை 16 நெல் விதைக்கு 100, 200, 300 கிரே கொடுக்கப் போகிறவருக்கு, அதே தட்டில் அதே உயரத்தில் ஒரு குப்பிக் கரைசலை வைத்தால் நேரடி விடை கிடைக்கும். செல், எலி டோஸுக்கு இதே குடும்பத்தில் பென்சாயிக் அமிலமும் சைலினால் ஆரஞ்சும் சேர்த்த எஃப்பிஎக்ஸ் கரைசல் இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் உருவானது, உணர்திறன் பல மடங்கு அதிகம். ஆனால் கலப்பதில் சுத்தம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

மறைவான செலவு கைப்பக்குவம். நீரில் துளி கரிமப் பொருள் இருந்தாலும் படிப்பு கூடிப்போகும். படிக்கும்போது வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் 0.7 விழுக்காடு மாறும். கண்ணாடிக் குப்பி வைத்தால், கண்ணாடியிலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்கள் சுவரை ஒட்டிய கரைசலுக்கு டோஸைக் கூட்டும். கிலோவோல்ட் எக்ஸ்ரேக்கு விளைச்சல் மதிப்பு (ஒரே டோஸுக்கு உண்டாகும் ஃபெரிக்கின் அளவு) கோபால்ட்டைவிடச் சில விழுக்காடு குறைவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

## எக்ஸ்ரே சோதனை மீட்டர்

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷின்களுக்குத் தரச் சோதனை செய்ய வருகிறவர்கள் கையில் இருக்கும் குறைக்கடத்தி மீட்டர். ஒரே சொடுக்கில் கிலோவோல்ட், அரைமதிப்புத் தடிமன், காற்றுக் கெர்மா மூன்றும் வரும். படம் எடுக்கும் மெஷின்களின் ஆற்றலுக்கும் ஃபில்டருக்கும் என்று செய்தது அது. தடித்த தாமிர ஃபில்டர் போட்ட 160 அல்லது 320 கிலோவோல்ட் கற்றை பெரும்பாலும் அதன் வரம்புக்கு வெளியே. உங்கள் மெஷின் 100 கிலோவோல்ட்டுக்குள் ஓடினால் கிலோவோல்ட்டைச் சரிபார்க்கப் பயன்படும். அறைக்கு வெளியே கசிவு பார்க்கும் சர்வே மீட்டர் இன்னொரு விஷயம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய விதிகளுக்கு அது கட்டாயம் தேவை. மாதிரி டோஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | தரச் சங்கிலி | பொருந்தும் டோஸ் | பெரிய பலம் | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| மெஷின் எண் | இல்லை | – | அன்றாடச் சோதனை | காலப்போக்கில் விலகும் |
| அயன் சேம்பர் | நேரடி | செல், எலி. விதைக்கு டோஸ் வீதம் வழியாக | எல்லாவற்றுக்கும் அடிப்படை | சரியான ஆற்றலுக்குச் சான்று, வெப்ப அழுத்தத் திருத்தம் |
| ஃபிலிம் | சேம்பர் வழியாக | செல், எலி | முழுப் பரப்பின் படம் | ஸ்கேனர், பெட்டிக்கொரு வளைவு, வெயில் |
| லித்தியம் டிஎல்டி | சேம்பர் வழியாக | செல், எலி | உடலுக்குள் பல புள்ளி | ரீடர், சுடுதல், ஆள் நேரம் |
| ஃப்ரிக்கி | வேதியியல் மாறிலி வழியாக | விதை | மலிவு, தனிச் சாட்சி | தூய்மை, கைப்பக்குவம் |
| சோதனை மீட்டர் | உண்டு, வேறு கற்றைக்கு | – | கிலோவோல்ட் சரிபார்ப்பு | வரம்புக்கு வெளியே தவறான எண் |

## யாருக்கு எது

செல் கல்ச்சர் செய்கிறீர்கள், துறைக்கு ஓரளவு நிதி இருக்கிறது என்றால் சேம்பரும் ஃபிலிமும் சேர்ந்த ஜோடிதான் என் தேர்வு. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் ஃபிலிமும் ஸ்கேனரும் வாங்கிக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரே ஆற்றலுக்குச் சான்று பெற்ற சேம்பரை வெளியிலிருந்து வரவழையுங்கள். தலைகீழாகச் செய்தால், டோஸ் வீதம் துல்லியமாகத் தெரியும், ஆனால் ஓர டிஷ்ஷுக்கு என்ன போகிறது என்பது கடைசி வரை தெரியாது. செல்லைக் கண்ணாடிக் கவர்ஸ்லிப்பில் வளர்ப்பவர்கள், கண்ணாடியிலிருந்து வரும் எலக்ட்ரான்களால் பிளாஸ்டிக் டிஷ்ஷைவிடக் கூடுதல் டோஸ் சேரும் என்பதை மறக்க வேண்டாம். அந்த மைக்ரோமீட்டர் ஆழத்தைச் சேம்பரால் பார்க்க முடியாது. பிளாஸ்டிக்குக்கு மாறிவிடுவதே எளிய வழி.

எலி ஆய்வுக்கு இதே ஜோடியோடு லித்தியம் டிஎல்டியும் வேண்டும். மெஷின் வந்ததும் ஒருமுறை, பிறகு குழாயோ ஃபில்டரோ மாறும்போது, மெழுகு உருவுக்குள் வைத்துப் பார்த்தால் போதும். ரீடர் வாங்க வேண்டியதில்லை, ரீடர் உள்ள இடத்தில் படிக்கக் கொடுக்கலாம். இந்த ஆற்றல்களில் எலும்பு மென்திசுவைவிடப் பல மடங்கு உறிஞ்சும். எலும்பு மஜ்ஜை உங்கள் ஆய்வின் மையம் என்றால் தாமிர ஃபில்டரைத் தடிமனாக்கிக் கற்றையைக் கடினப்படுத்துவது, கருவியை மாற்றுவதைவிட அதிகப் பலன் தரும்.

விதை வேலைக்கு ஃப்ரிக்கி. வேதியியல் துறை நண்பர் ஒருவரோடு சேர்ந்து இரண்டு வாரம் கைபழகிக்கொண்டால் பிசானத்துக்குள் முடித்துவிடலாம். விதையை ஒற்றை அடுக்காகப் பரப்பிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். காமா கதிருக்கு என்று நூல்களில் இருக்கும் டோஸை அப்படியே எக்ஸ்ரேக்கு எடுக்காமல், முளைப்பும் நாற்று உயரமும் பார்க்கும் ஒரு சிறு முன்னோட்டத்தை உங்கள் கற்றையிலேயே செய்யுங்கள். ஒரே கிரேக்கு எக்ஸ்ரேயின் உயிரியல் விளைவு சற்றுக் கூடுதலாக இருக்கும்.

ஆறு மாதத்தில் ஆய்வேடு கொடுக்க வேண்டிய, கையில் பணமில்லாத மாணவருக்கு: மருத்துவ இயற்பியலாளரைத் தேடிப் போங்கள். அவருடைய சேம்பருக்கு எக்ஸ்ரே காரணி இல்லையென்றாலும், சேம்பர் வகைக்கு வெளியான ஆற்றல் திருத்தத்தை வைத்து அவர் ஓர் அளவு சொல்வார். பிழை வரம்பைக் கொஞ்சம் விரித்து அதை அப்படியே எழுதுங்கள். மெஷின் காட்டிய எண்ணை எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எதைத் தேர்ந்தாலும் ஆய்வேட்டில் கிலோவோல்ட், மில்லி ஆம்பியர், ஃபில்டர், அரைமதிப்புத் தடிமன், குவியப் புள்ளியிலிருந்து மாதிரிக்குத் தூரம், டோஸ் வீதம், டிஷ்ஷின் பொருள், ஊடகத்தின் உயரம், அளந்த கருவி, சான்றின் தேதி ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு பத்தியில் அடங்கிவிடும்.

இன்னொரு யோசனையும் உண்டு. கல்வி நிறுவனங்கள் உள்ள அபிஷேகப்பட்டி, பாளையங்கோட்டை, கிள்ளிகுளம் எல்லாம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் இடங்கள். ஒவ்வொரு துறையும் தனித்தனியாக ஒரு சேம்பருக்கு நிதி கேட்டுக் காத்திருப்பதைவிட, இரண்டு மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஒரு சேம்பரும் எலக்ட்ரோமீட்டரும் வாங்கி, 100, 160, 250 கிலோவோல்ட் என்று எல்லோருடைய கற்றைகளுக்கும் சேர்த்தே சான்று கேட்டு அனுப்பலாம். விண்ணப்பம் போடுமுன் ஒவ்வொரு மெஷினின் அரைமதிப்புத் தடிமனையும் அளந்து, ஒரே கடிதத்தில் இணைத்துவிடுங்கள்.